தியான் சந்த் முதல் ஹர்மன்பிரீத் வரை: ஒரு வங்கி குமாஸ்தாவின் கணக்கு

2024 ஆகஸ்ட் 8, வியாழக்கிழமை மாலை. நம் கிளப் ஹவுஸில் நாற்காலி போதாமல் யோகா வகுப்புப் பாய்களை விரித்து உட்கார்ந்திருந்தோம். பாரிஸ் ஒலிம்பிக்ஸ் ஹாக்கியில் வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டம். ஸ்பெயின் முதலில் ஒரு கோல் போட்டது. இடைவேளைக்குச் சில நொடிகளே இருந்தபோது ஹர்மன்பிரீத் சிங் சமன் செய்தார். இடைவேளை முடிந்து வந்ததும் இன்னொன்று. 2-1 என்று ஆட்டம் முடிந்ததும் சின்னப் பிள்ளைகள் எல்லாம் பாயின் மேல் குதித்தார்கள். பெரியவர்கள் சிலரும்தான்.

ஒருவர் மட்டும் குதிக்கவில்லை. சி பிளாக் பெரியவர். எண்பதைத் தாண்டியவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். "வெண்கலத்துக்கு இவ்வளவு கூத்தா? தியான் சந்த் காலத்துல தங்கத்துக்குக் கீழே எதையும் கையால தொட மாட்டாங்க" என்றார்.

மூன்றாம் மாடிப் பையன், பத்தாவது படிக்கிறவன், சும்மா இருப்பானா? "தாத்தா, அப்பல்லாம் மூணு டீம்தான் ஆடுவாங்க. ஒரு மேட்ச்ல 24 கோல் போட்டாங்களாம். எதிர்ல ஆளே இல்லாம ஆடுறதுல என்ன பெருமை? ஹர்மன்பிரீத் தனியா 10 கோல் போட்டிருக்கார், அதுவும் இந்தக் காலத்து டீமுங்க மேல" என்றான்.

பேச்சு வளர்ந்தது. கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் முப்பத்தேழு வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். இந்தக் குடியிருப்பில் பராமரிப்புக் கட்டணம் முதல் பிள்ளையார் சதுர்த்தி வசூல் வரை எது இடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "அங்கிள், நீங்க கணக்குப் போட்டுச் சொல்லுங்க. யார் பெரிய ஆளு?" என்றான் பையன். "செய்திமடலில் எழுதுகிறேன் தம்பி" என்று சொல்லித் தப்பித்து வந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்காக இந்தக் கட்டுரை.

ரூபாயும் கோலும்

1983ல் நான் வேலையில் சேர்ந்தபோது பிடித்தம் போகக் கைக்கு வந்த முதல் சம்பளம் ஆயிரம் ரூபாய்க்குள். இதை என் பேத்தியிடம் சொன்னால் "ஒரு நாளைக்கா தாத்தா?" என்கிறாள். அந்தப் பணத்தில்தான் திருவல்லிக்கேணியில் அறை வாடகை கொடுத்து, மெஸ்ஸில் மூன்று வேளையும் சாப்பிட்டு, ஊருக்கு மணியார்டர் அனுப்பி, மாதத்துக்கு ஒரு சினிமாவும் பார்த்தேன்.

1983ஆம் ஆண்டு ரூபாயையும் 2024ஆம் ஆண்டு ரூபாயையும் பக்கத்தில் வைத்து எது பெரிய தொகை என்று கேட்கக் கூடாது. விலைவாசிக் குறியீட்டெண்ணைக் கொண்டு இரண்டையும் ஒரே ஆண்டின் மதிப்புக்குக் கொண்டுவந்த பிறகே பேச வேண்டும். பி.காம். முதல் வருடப் பாடம் இது.

கோலும் அப்படித்தான், ஆனால் நேர் எதிராக. பழைய ரூபாய்க்கு மதிப்பு அதிகம், பழைய கோலுக்கு மதிப்பு குறைவு. பையன் சொன்ன 24 கோல் உண்மைதான். 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் இந்தியா அமெரிக்காவை 24-1 என்று வென்றது. பாரிஸில் இந்தியா எட்டு ஆட்டங்களில் போட்ட மொத்த கோல் 15. அன்று ஒரே ஆட்டத்தில் வந்தது இன்று ஒரு ஒலிம்பிக்ஸ் முழுவதிலும் வந்ததை விட அதிகம். கோல் மலிந்து கிடந்த காலத்து வீரரையும் கோல் விலையேறிய காலத்து வீரரையும் வெறும் எண்ணிக்கையால் ஒப்பிட்டால் தப்பான பேலன்ஸ்தான் வரும்.

பங்கு எவ்வளவு?

ஆயிரம் கோடி கம்பெனியையும் பத்து லட்சம் கம்பெனியையும் ஒப்பிட வேண்டுமானால், ஒவ்வொரு இனத்தையும் அதனதன் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று மாற்றிப் பார்ப்போம். காமன் சைஸ் ஸ்டேட்மென்ட் என்று அதற்குப் பெயர். அதே வேலையை இங்கே செய்தேன். அணி போட்ட மொத்த கோலில் அந்த வீரரின் பங்கு எவ்வளவு? கோல் மலிவோ கிராக்கியோ, பங்கு என்பது அந்தந்தக் காலத்துக்குள்ளேயே அளந்து கொள்வது.

தியான் சந்த், 1928 ஆம்ஸ்டர்டாம்: அணி 29, அவர் 14. பங்கு 48 சதவீதம்.
தியான் சந்த், 1932 லாஸ் ஏஞ்சலஸ்: அணி 35, அவர் 12. பங்கு 34 சதவீதம்.
ரூப் சிங், 1932 லாஸ் ஏஞ்சலஸ்: அணி 35, அவர் 13. பங்கு 37 சதவீதம்.
பல்பீர் சிங், 1952 ஹெல்சிங்கி: அணி 13, அவர் 9. பங்கு 69 சதவீதம்.
உதம் சிங், 1956 மெல்போர்ன்: அணி 38, அவர் 15. பங்கு 39 சதவீதம்.
ஹர்மன்பிரீத் சிங், 2024 பாரிஸ்: அணி 15, அவர் 10. பங்கு 67 சதவீதம்.

இதைப் போட்டு முடித்ததும் எனக்கே ஆச்சரியம். மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன.

ஒன்று, 1932ல் அதிக கோல் போட்டவர் தியான் சந்த் இல்லை, அவருடைய தம்பி ரூப் சிங். அமெரிக்காவுக்கு எதிரான அந்த 24ல் 10 தம்பியுடையது, 8 அண்ணனுடையது. இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து இந்தியாவின் 35 கோலில் 25 ஒரே வீட்டுக்குப் போயிருக்கிறது.

இரண்டு, பட்டியலின் உச்சியில் இருப்பவர் பல்பீர் சிங். பெரியவரும் சொல்லவில்லை, பையனும் சொல்லவில்லை, அன்று கிளப் ஹவுஸில் யாருமே உச்சரிக்காத பெயர். 1952 இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை இந்தியா 6-1 என்று வென்றது. அந்த ஆறில் ஐந்து பல்பீருடையது. ஒலிம்பிக்ஸ் ஆடவர் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் ஒருவர் போட்ட அதிகபட்ச கோல் இன்றைக்கும் அதுதான்.

மூன்று, அவருக்கு அடுத்தபடியாக நிற்பவர் நாம் அன்று பார்த்துக் கைதட்டிய ஹர்மன்பிரீத். நடுவில் 72 வருட இடைவெளி, பங்கில் இரண்டே சதவீத வித்தியாசம்.

எதிரே நின்றவர் யார்?

வங்கியில் கடன் கணக்கை மதிப்பிடும்போது எல்லாக் கடனையும் ஒரே தரமாக எடுத்துக்கொள்ள மாட்டோம். வசூலாகும் கடன், இழுத்தடிக்கும் கடன், வாராக் கடன் என்று பிரித்து, அதற்கேற்பக் கழிவு போட வேண்டும். கோலுக்கும் அந்தக் கழிவு உண்டு. எதிர் அணி யார்?

1956ல் இந்தியா போட்ட 38 கோலில் 36 முதல் மூன்று ஆட்டங்களில் வந்துவிட்டது. ஆப்கானிஸ்தான் மேல் 14, அமெரிக்கா மேல் 16, சிங்கப்பூர் மேல் 6. அரையிறுதியில் ஜெர்மனியை வென்றது 1-0, இறுதியில் பாகிஸ்தானை வென்றதும் 1-0. அந்த இரண்டு கோல்தான் பதக்கம். மற்ற 36ம் அதற்கு முன்னால் வந்த ஊர்வலம். 1980 மாஸ்கோவில், சென்னை வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் நாம் தங்கம் வென்றபோது பல நாடுகள் புறக்கணித்ததால் ஆறு அணிகளே ஆடின. அந்த முறை இந்தியாவின் 43 கோலில் 31 தான்சானியா, கியூபா என்ற இரு அணிகள் மேல் விழுந்தவை. இறுதியில் ஸ்பெயினை 4-3 என்றுதான் வெல்ல முடிந்தது.

அப்படியானால் பையன் சொன்னது சரியா? பாதி சரி. மூன்று அணிகள் ஆடியது 1932ல் மட்டும். உலகப் பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம், அமெரிக்காவின் மேற்குக் கரை வரை கப்பலில் போக ஐரோப்பிய அணிகளால் முடியவில்லை. 1928ல் ஒன்பது அணிகள், 1936ல் பதினோரு அணிகள். ஆனால் ஒரு முக்கியமான பெயர் இந்த மூன்றிலும் இல்லை. 1908லும் 1920லும் தங்கம் வென்ற பிரிட்டன் 1928, 1932, 1936 மூன்றிலும் ஹாக்கிக்கு அணி அனுப்பவில்லை. ஆண்ட நாடும் ஆளப்பட்ட நாடும் ஒலிம்பிக்ஸ் ஹாக்கியில் முதன்முதலாக நேருக்கு நேர் நின்றது 1948 ஆகஸ்ட் 12, லண்டன் வெம்பிளி. சுதந்திரம் பெற்று ஒரு வருடம் முடிய மூன்று நாள். இந்தியா 4-0. முதல் இரண்டு கோல் பல்பீர் சிங்.

அந்த 1948 கதையில் இன்னொன்றும் இருக்கிறது. பல்பீர் அந்த ஒலிம்பிக்ஸில் ஆடியது இரண்டே ஆட்டம். அர்ஜென்டினாவுக்கு எதிராக இறங்கி 6 கோல் போட்டார். அடுத்த இரண்டு ஆட்டத்திலும் அவருக்கு இடமில்லை. நேராக இறுதி ஆட்டத்தில் வந்து நின்றார். ஆக, ஆடிய இரண்டு ஆட்டங்களில் அணி போட்ட 13 கோலில் அவருடையது 8. உட்கார வைத்த ஆட்டங்களுக்கு யாரிடம் வட்டி கேட்பது?

தியான் சந்துக்கு எதிரே ஆளே இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. 1936ல் பெர்லின் போய் இறங்கியதும் ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி இந்தியாவை 4-1 என்று தோற்கடித்தது. அதே ஜெர்மனியோடுதான் இறுதி ஆட்டம். மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், ஆகஸ்ட் 15 அன்று ஈரத் தரையில் நடந்தது. பாதி ஆட்டம் முடியும்போது 1-0 தான். முடிவில் 8-1. அணித் தலைவர் தியான் சந்துக்கு முப்பத்தோரு வயது நிறைய இரண்டு வாரம் இருந்தது. முன்பு தோற்ற அணியைச் சில வாரங்களில் அப்படித் திருப்பிப் போட்டதை மலிவு விலை கோல் என்று நான் எழுத மாட்டேன்.

பாரிஸ் கணக்கில் கழிவே போட வேண்டியதில்லை. நியூசிலாந்து, அர்ஜென்டினா, அயர்லாந்து, பெல்ஜியம், ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜெர்மனி, ஸ்பெயின். ஓர் ஆட்டத்திலும் இந்தியா மூன்று கோலுக்கு மேல் போடவில்லை. ஆஸ்திரேலியாவை ஒலிம்பிக்ஸில் வென்றதே 1972க்குப் பிறகு அன்றுதான். இவர்கள் மேல் போட்ட 10 கோல், முழு மதிப்புக்கும் பற்று வைக்கலாம்.

ஒரே சதவீதம், இரண்டு வேலை

பல்பீர் 69, ஹர்மன்பிரீத் 67. லெட்ஜரில் மீதித் தொகை ஒன்றாக இருந்தால் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடாது. எதிரே எழுதியிருக்கும் விவரத்தைப் படிக்க வேண்டும். ஒன்றில் சம்பளம் வரவு, இன்னொன்றில் நகைக் கடன் வரவு என்று இருக்கும்.

பல்பீர் சென்டர் ஃபார்வர்ட். கோல் போடுவதே அவர் வேலை. பந்து எங்கே வரும் என்று முன்கூட்டி ஊகித்து, வந்த வேகத்தில் திருப்பிவிடுவார். ஹர்மன்பிரீத் தடுப்பாட்டக்காரர். அவர் வேலை கோல் விழாமல் பார்ப்பது. பாரிஸில் அவர் போட்ட பத்தும் பெனால்டி கார்னரிலும் பெனால்டி ஸ்ட்ரோக்கிலும் வந்தவை. பந்தை மட்டையில் அணைத்து இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் என்ற கலை பல்பீர் காலத்தில் இல்லை. ஒரு பெனால்டி கார்னர் கிடைக்க யாரோ ஒரு ஃபார்வர்ட் வட்டத்துக்குள் புகுந்து அடி வாங்க வேண்டும். ஒருவர் கோட்டில் இருந்து தள்ள, இன்னொருவர் நிறுத்த, அதன் பிறகே ஹர்மன்பிரீத் பெயர் ஸ்கோர் போர்டில் ஏறும்.

ஆக, என் சதவீதக் கணக்கும் கோல் போட்டவர் பெயரை மட்டுமே பார்க்கிறது. 1928ல் ஐந்து ஆட்டத்திலும் ஒரு கோல்கூட விடாத ரிச்சர்ட் ஆலன் அதில் இல்லை. ரைட் ஹாஃபாக நின்று மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்ற லெஸ்லி கிளாடியஸ் இல்லை. 1952ல் பல்பீருக்குப் பந்து கொடுத்த கேப்டன் கே.டி. சிங் பாபு இல்லை. பாரிஸ் காலிறுதியில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, பத்துப் பேரோடு பிரிட்டனை 1-1ல் நிறுத்தி, ஷூட் அவுட்டில் வென்று கொடுத்த ஸ்ரீஜேஷும் இல்லை. எங்கள் கிளையில் டிபாசிட் திரட்டியவருக்குக் கேடயம் கொடுப்பார்கள். அந்த டிபாசிட்டைப் பைசா பிசகாமல் எழுதிவைத்தவருக்கு டீ கொடுப்பார்கள்.

தரை மாறிய கதை

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. தீப்பெட்டி, கடலை மிட்டாய், ஹாக்கி மூன்றும் எங்கள் ஊர்ச் சொத்து. லட்சுமி அம்மாள் கோப்பைக்கு வெளியூர் அணிகள் வந்தால் பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பு காலியாகிவிடும். 1975 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் கோலாலம்பூரில் நடந்தபோது டீக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். வர்ணனை முழுதாகப் புரியாது. பெயர்களும் "கோல்" என்ற சத்தமும் புரியும், அது போதும். பாகிஸ்தான் முதலில் கோல் போட, இந்தியா சமன் செய்து, 2-1 என்று வென்றது. வெற்றி கோல் அசோக் குமார். தியான் சந்தின் மகன்.

அதே அசோக் குமார் அடுத்த ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்ஸில் ஆடினார். இந்தியா ஏழாவது. 1928ல் இருந்து ஆடிய ஒவ்வொரு ஒலிம்பிக்ஸிலும் ஏதாவது ஒரு பதக்கம் கொண்டுவந்த அணி முதல் தடவையாக வெறுங்கையோடு திரும்பியது. மான்ட்ரியாலில் புதிதாக வந்தது செயற்கைப் புல்தரை. மண்ணிலும் புல்லிலும் பந்து துள்ளும், வேகம் தணியும். அதைக் கட்டைக்குள் அடக்கி வளைத்து எடுத்துப் போவதுதான் நம் வித்தை. செயற்கைத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு நேராகப் பறக்கும். நீண்ட பாஸ், வலுவான அடி, ஓயாத ஓட்டம் இதெல்லாம்தான் அங்கே எடுபடும். அந்தத் தரை போடக் காசு வேண்டும். எங்கள் ஊர்ப் பையன்கள் கட்டாந்தரையில் பழகிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் காலத்தில் சேமிப்புக் கணக்குகளுக்கு அரையாண்டு வட்டியைக் கையால் போடுவோம். ஜூன் 30, டிசம்பர் 31 என்றால் வீட்டுக்குப் போக நள்ளிரவாகும். பத்துப் பைசா இடித்தால் லெட்ஜர் முழுக்கத் திரும்பக் கூட்டுவோம். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. புதிதாகச் சேர்ந்த இளம் அதிகாரி ஒருவர், நல்ல பையன்தான், ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார்: "சார், இதையெல்லாம் அஞ்சு நிமிஷத்துல மெஷின் செய்யுது. நீங்க எல்லாரும் சேர்ந்து ராத்திரி முழுக்க அப்படி என்னதான் செஞ்சீங்க?" எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் தோன்றியது. என்னை மெஷினோடு வைத்துப் பார்க்காதே அப்பா, என் பக்கத்து லெட்ஜர்காரரோடு வைத்துப் பார். அந்தக் கட்டாந்தரையில் நான் எப்படி ஆடினேன் என்று கேள்.

தன்ராஜ் பிள்ளையைப் பற்றி எழுதும்போது அந்த நாள் நினைவுக்கு வருகிறது. தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து புனே அருகே கிர்க்கியில் வளர்ந்தவர். 1989 முதல் 2004 வரை ஆடியவர். நான்கு ஒலிம்பிக்ஸ், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு. ஒலிம்பிக்ஸ் பதக்கம் பூஜ்யம். நான்கு முறையும் இந்தியா ஏழாவது அல்லது எட்டாவது. என் பட்டியலில் அவருக்கு வரி இல்லாததற்குக் காரணம் இதுதான்.

2000 சிட்னியில் போலந்தை இந்தியா 1-0 என்று முந்தி நின்றது. அப்படியே முடிந்திருந்தால் அரையிறுதி. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் போலந்து சமன் செய்தது. அரையிறுதிக்குப் போன தென் கொரியா வெள்ளி வாங்கிக்கொண்டு வந்தது. அதற்கு முன் 1998ல் இதே தன்ராஜ் தலைமையில் பாங்காக் ஆசிய விளையாட்டில், இதே தென் கொரியாவை இறுதியில் வென்றுதான் 32 ஆண்டுகளுக்குப் பிறகு நாம் தங்கம் வாங்கினோம். தரை மாறி, விதி மாறி, பணக்கார நாடுகள் முந்திக்கொண்ட காலத்தில் பதினைந்து வருடம் முன்வரிசையில் ஓடியவர் அவர். தோற்ற அணியின் சிறந்த வீரரை அளக்க என் காமன் சைஸ் ஸ்டேட்மென்ட்டில் கட்டம் கிடையாது.

காணாமல் போன வவுச்சர்கள்

தன்ராஜின் பங்கையாவது கணக்கிடலாம் என்று உட்கார்ந்தேன். 339 ஆட்டம் என்கிறார்கள். கோல்? சுமார் 170. இந்த "சுமார்" என்ற சொல்லைக் கேட்டால் வங்கிக்காரனுக்கு வயிற்றைப் பிசையும். 1990களில், வீட்டுக்கு வீடு டிவி வந்த பிறகு ஆடிய வீரருக்கு சுமார்!

1936 பெர்லினும் அப்படித்தான். இறுதி ஆட்டத்தில் தியான் சந்த் போட்டது 3 என்று ஒரு கணக்கு, 6 என்று ஒரு கணக்கு. அதனால்தான் என் பட்டியலில் 1936 இல்லை. இடிக்கும் தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் வைப்பது எங்கள் வழக்கம். அங்கேயே வைத்திருக்கிறேன். மட்டையில் காந்தம் இருக்கிறதா என்று உடைத்துப் பார்த்தார்கள், ஹிட்லர் ராணுவத்தில் பதவி தருவதாகச் சொன்னார் என்பவை கேட்க இனிக்கும். வவுச்சர் இல்லாததால் அவற்றையும் பேரேட்டில் ஏற்றவில்லை. அவருடைய பெருமைக்கு இவை தேவையும் இல்லை. 1935 நியூசிலாந்து, ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் இந்தியா போட்ட 584 கோலில் 201 அவருடையது. 34 சதவீதம். 1932 ஒலிம்பிக்ஸிலும் அதே 34. மூன்று வருடம் கழித்தும் பங்கு இறங்கவே இல்லை.

மனதை மிகவும் உறுத்தியது பல்பீர் சிங் விவகாரம். 1985ல், விளையாட்டு அருங்காட்சியகம் அமைக்கப் போகிறார்கள் என்று நம்பி, தன் 36 பதக்கங்களையும் 1956ல் அணித் தலைவராக அணிந்த பிளேசரையும் அரிய புகைப்படங்களையும் இந்திய விளையாட்டு ஆணையத்திடம் கொடுத்தார். ஒலிம்பிக்ஸ் தங்கங்கள் மூன்றும் மட்டும் வீட்டில் இருந்தன. அருங்காட்சியகம் வரவில்லை. கொடுத்த பொருளும் பிறகு கிடைக்கவில்லை. 2012ல் லண்டன் ஒலிம்பிக்ஸை ஒட்டி, ஒலிம்பிக்ஸ் வரலாற்றின் சின்னங்களாகத் தேர்ந்த 16 பேரில் ஒரே இந்தியர் அவர். அந்தக் கண்காட்சிக்காகக் கேட்டபோதுதான் காணவில்லை என்று தெரிய வந்தது. 2020 மே 25 அன்று காலமாகும் வரை அவரும் குடும்பமும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். லாக்கரில் ஒருவர் வைத்த பொட்டு நகை காணாமல் போனால் எங்கள் கிளையே தூங்காது. இது ஒரு நாட்டின் நகை.

என் தீர்ப்பு

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் மழுப்பினால் பையன் விட மாட்டான். ஒரே ஒலிம்பிக்ஸை எடுத்துக்கொண்டால் பல்பீர் சிங், 1952. பங்கும் அதிகம், எதிர் அணிகளும் தரமானவை, தேவைப்பட்ட நாளில் ஐந்து கோல். அடுத்து ஹர்மன்பிரீத், 2024. மொத்த வாழ்க்கையை எடுத்துக்கொண்டால் தியான் சந்த். மூன்று ஒலிம்பிக்ஸ், எட்டு ஆண்டு, ரூப் சிங் போன்ற ஒருவர் பக்கத்திலேயே பங்கு போட்டும் குறையாத சதவீதம். கழிவு போட்ட பிறகும் அவர் கணக்கில் நிறைய மீதி இருக்கிறது.

பெரியவரிடம் போன வாரம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. "பல்பீரை நானே மறந்துட்டேன் பாருய்யா. மெல்போர்ன் நடந்தப்ப எனக்குப் பன்னெண்டு வயசு" என்றார். பிறகு, "41 வருஷம் கழிச்சு டோக்கியோல ஒரு வெண்கலம், பாரிஸ்ல ஒரு வெண்கலம். அதைக் கூத்துன்னு சொன்னது தப்புதான்" என்றார். பையனிடமும் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அங்கிள், தன்ராஜ் பிள்ளை மேட்ச் எல்லாம் எங்க பார்க்கலாம்?"

கடைசியாக நம் வீட்டு விஷயம். நம் குடியிருப்பில் பதினொரு வருடமாக விளையாட்டு விழா நடத்துகிறோம். யார் எதில் ஜெயித்தார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட நம்மிடம் இல்லை. சங்க அலுவலகத்தில் ஒரு நீள நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பழைய புகைப்படம், சான்றிதழ் வைத்திருப்பவர்கள் கொண்டு வந்து காட்டினால் வருடவாரியாக எழுதிக்கொண்டு அன்றே திருப்பிக் கொடுத்துவிடுவேன். ரசீதும் உண்டு.